தாத்தாவின் .22 ரைபிள்: பழுது நீக்கினால் போதுமா, முழுதாகப் புதுப்பிக்கலாமா?

தேன்கனிக்கோட்டைப் பக்கம் தாத்தா விட்டுப்போன .22 ரைபிள் வாரிசுக்கு வந்தால், முதல் வேலை துரு துடைப்பதல்ல. மாவட்ட ஆட்சியரிடம் உரிமத்துக்கு விண்ணப்பிப்பது. உரிமம் கிடைக்கும்வரை துப்பாக்கி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ இருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தொழிலாகப் பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். ஊர் லேத் பட்டறைக்கு இதில் வேலையில்லை.

பிறகுதான் கேள்வி. கெட்ட உறுப்பை மட்டும் மாற்றுவது ஒரு வழி. வழக்கமான .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கிறது; விசையை இழுத்ததும் பாயும் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். முனை தேய்ந்திருந்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. தோட்டா இல்லாமலே விசையை இழுத்து விளையாடிய வீடுகளில், ஊசி, தோட்டா உட்காரும் அறையின் வாயிலேயே தழும்பு போட்டிருக்கும். தோட்டா சரியாக உட்காராது. காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கியையும் ஸ்பிரிங்குகளையும் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு வழி, உரசி மெருகேற்றி நீலப்பூச்சு (எஃகைத் துருவிலிருந்து காக்கும் கருநீல மேற்பூச்சு) கொடுத்து மரக்கட்டைக்கு வார்னிஷ் அடிப்பது. பளபளக்கும், மறுக்கவில்லை. ஆனால் மெருகுச் சக்கரம் வரிசை எண்ணை மழுக்கிவிடலாம்; உரிமத்தில் ஏறுவதே அந்த எண்தான். என் ஓட்டு முதல் வழிக்கே. குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளைத் துரு தின்றிருந்தால் இரண்டுமே உதவாது, குழலையே கவனிக்க வேண்டும்.