இளங்கன்றுகளா, அனுபவசாலிகளா?

பொடிப்பசங்களை வைத்து எதையும் ஜெயிக்க முடியாது என்று 1995 ஆகஸ்டில் டிவியில் சொன்னார் கால்பந்து விமர்சகர் ஆலன் ஹான்சன். அந்த சீசனிலேயே, பசங்களை இறக்கிய மான்செஸ்டர் யுனைடெட் இங்கிலாந்தின் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் தூக்கியது. அந்தப் பசங்களில் பெக்கம், ஸ்கோல்ஸ் பெயர்கள்தான் இன்றும் பேச்சில் வரும். கோலில் ஷ்மைக்கேல், தடுப்பில் ஸ்டீவ் புரூஸ், முன்னால் கான்டொனா என்று மூத்தவர்கள் இருந்ததை வசதியாக மறந்துவிடுகிறோம்.

கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த பையனுக்கு வாங்கும் விலை கிடையாது. விற்றால் கொள்ளை லாபம். ஆனால் தேறிவிட்டால் பெரிய கிளப் கொத்திக்கொண்டு போய்விடும். 2019-ல் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை வந்த நெதர்லாந்தின் அயாக்ஸ், அந்தக் கோடையிலேயே டி லிக்ட், டி யோங் என்ற இளம் வீரர்கள் இருவரையும் இழந்தது. அந்த அணியிலும் டாடிச், பிளிண்ட் என்று விலை கொடுத்து வாங்கிய மூத்தவர்கள் உண்டு.

அனுபவசாலி வந்த அன்றே ஆட்டத்துக்குத் தயார். 2020-ல் 35 வயதில் மாற்றுத்தொகை (பழைய கிளப்புக்குத் தரும் விலை) இல்லாமல் இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு வந்த தடுப்பாட்டக்காரர் தியாகோ சில்வா, அடுத்த ஆண்டே சாம்பியன்ஸ் லீக் வென்றார். வேகம் குறைந்தாலும் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. சம்பளம்தான் இடிக்கும், மறுவிற்பனையும் கிடையாது.

என்னைக் கேட்டால், சென்டர்பேக்குக்கு (நடுத் தடுப்பு) மூத்தவர், விங்குக்கு (ஓரத்தில் ஓடி ஆடும் இடம்) பையன். மூத்தவருக்கு ஓராண்டு ஒப்பந்தம் போதும். மூன்றாண்டு கொடுத்தால் பின்னால் வரும் பையனுக்கு வழி அடைபடும்.