எடை மெஷினா, சென்சாரா, மருந்தா? இதயச் செயலிழப்பில் மறுபடி அட்மிட் ஆவதைத் தடுக்கும் ஐந்து வழிகள்

அமெரிக்காவில் பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரில் இருந்த ஏறத்தாழ 1.19 கோடிப் பேரின் மருத்துவமனைப் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. இதயச் செயலிழப்புக்காக (உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயத்தால் இறைக்க முடியாத நிலை) சேர்ந்து வீடு திரும்பியவர்களில் 26.9% பேர் 30 நாளுக்குள் மீண்டும் அட்மிட் ஆகியிருந்தார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு, அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அறுவை சிகிச்சை அல்லாத காரணங்களுக்காகச் சேர்ந்து, 30 நாளுக்குள் திரும்பி வந்தவர்களில் பாதிப் பேருக்கு, இடைப்பட்ட நாட்களில் எந்த டாக்டரையும் கிளினிக்கில் பார்த்ததற்கான பில்லே இல்லை.

அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் கடந்த இருபது ஆண்டுகளாகப் போட்டி. தினமும் எடை பார்த்துச் சொல்லும் தொலைபேசி முறை, இரவு பகலாக ஆள் இருக்கும் கண்காணிப்பு மையம், உடலுக்குள் பொருத்தும் அழுத்த சென்சார், டிஸ்சார்ஜ் ஆனதுமே மருந்துகளை வேகமாக ஏற்றுவது, அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே ஆளைப் பிரித்து அனுப்புவது என்று ஐந்து வழிகள். எல்லாமே தற்போக்குத் தேர்வு முறையிலோ (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்வது) அதற்கு நெருக்கமான முறையிலோ சோதிக்கப்பட்டவை. ஆனால் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை.

இந்த நோயில் உடலில் நீர் சேரும். அது ஒரே இரவில் நடப்பதில்லை. முதலில் இதயத்திலும் நுரையீரல் தமனியிலும் அழுத்தம் ஏறும். இது வாரக்கணக்கில் நடக்கும். பலருக்கு, அட்மிட் ஆவதற்கு ஒரு வாரம் முன்பே எடை கூடத் தொடங்கும். கால் வீக்கமும், படுத்தால் மூச்சு முட்டுவதும் பெரும்பாலும் கடைசி சில நாட்களில்தான் தெரியும். பிறகு ஒரு நள்ளிரவில் ஆம்புலன்ஸ். மேலே சொன்ன ஒவ்வொரு வழியும் இந்தச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணியில் கை வைக்கிறது.

எடையும் தானியங்கித் தொலைபேசியும்

மலிவானது, யாரும் செய்யக்கூடியது. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காப்பிக்கு முன், ஒரே மாதிரி உடையில், சமமான தரையில் நின்று எடை பார்க்க வேண்டும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் தகவல் சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல் உட்படப் பலரும் சொல்லும் எல்லை.

நடைமுறையில் இது இரண்டு இடங்களில் சறுக்கும். வார்டு மெஷின் காட்டிய எடையை அடிப்படையாக வைத்துக்கொண்டு வீட்டு மெஷினில் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பொய்யான எச்சரிக்கை ஆகிவிடும். அல்லது உண்மையான ஏற்றத்தை மறைத்துவிடும். வீட்டுக்குப் போன மறுநாள் காலை, வீட்டு மெஷினில் பார்த்ததுதான் அடிப்படை எடை. இன்னொன்று, பசியில்லாமல் சதை வற்றிக்கொண்டிருப்பவருக்கு நீர் சேர்ந்தாலும் முள் நகராது. எடை ஏறாமலே மூச்சு முட்டி வந்து சேர்பவர்கள் நிறைய.

அமெரிக்காவில் 33 இதய கிளினிக்குகளில் 1,653 பேரிடம் நடந்த டெலி-ஹெச்எஃப் ஆய்வு 2010-இல் வந்தது. நோயாளி தினமும் ஒரு எண்ணை அழைத்து, தானியங்கிக் குரல் கேட்கும் கேள்விகளுக்கு ஃபோன் பட்டன்களை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். கிளினிக் ஊழியர் வார நாட்களில் அதைப் பார்ப்பார். 180 நாளில் மறுபடி அட்மிட் ஆனவர்களும் இறந்தவர்களும் சேர்த்து 52.3%, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 51.5%. வித்தியாசமே இல்லை. 14% பேர் அந்த எண்ணை ஒருமுறைகூட அழைக்கவில்லை. கடைசி வாரத்தில் வாரம் மூன்று முறையாவது அழைத்தவர்கள் 55% மட்டுமே. 2016-இல் கலிஃபோர்னியாவின் ஆறு மருத்துவமனைகளில் 1,437 பேரிடம் செய்த பீட்-ஹெச்எஃப் ஆய்வில் கருவிகளும் நர்ஸ் அழைப்புகளும் சேர்ந்தே இருந்தன. அங்கும் 180 நாள் மறுஅனுமதி கண்காணிப்புக் குழுவில் 50.8%, வழக்கமான சிகிச்சையில் 49.2% என்று ஏறத்தாழ சமம்.

அதற்காகத் தொலைபேசியே வீண் என்று முடிவு கட்டிவிட முடியாது. அர்ஜென்டினாவில் 51 மையங்களில் 1,518 பேரிடம் நடந்த டயல் ஆய்வில் (2005), பயிற்சி பெற்ற நர்ஸ்கள் அழைத்துப் பேசினார்கள். நீர் மாத்திரையின் அளவை மாற்றவும், உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. மரணமோ இதயச் செயலிழப்பு அனுமதியோ 31 சதவீதத்திலிருந்து 26.3% ஆகக் குறைந்தது. குறைந்ததில் பெரும்பங்கு அட்மிஷன். மரணத்தில் பெரிய மாற்றமில்லை. இங்கேயும் ஃபோன்தான். ஆனால் மறுமுனையில் இருந்தவரால் டோஸை அன்றே மாற்ற முடிந்தது.

எச்சரிக்கை மணி மட்டும் இருந்து, கேட்பவர் தயாராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டாட்-ஹெச்எஃப் சாட்சி. ஏற்கெனவே பொருத்தியிருந்த இதயக் கருவி, மார்புக்குள் நீர் சேர்வதை மின்தடை மூலம் அளந்து ஒலி எழுப்பும். 335 பேரில், ஒலி கேட்ட குழுவுக்கு இதயச் செயலிழப்பு அட்மிஷன் 79% அதிகம். கிளினிக் வருகைகளும் 84-க்கு எதிராக 250. நோயாளி பயந்து வந்தார், டாக்டர் பாதுகாப்புக்காகப் படுக்க வைத்தார்.

பெர்லின் மையம்

டிம்-ஹெச்எஃப்2 (2018) இதே தொலைக் கண்காணிப்பைத் திருத்திச் செய்தது. ஜெர்மனியில் 1,571 பேர். எல்லோரும் கடந்த 12 மாதத்தில் ஒருமுறையாவது இதயச் செயலிழப்புக்காகச் சேர்ந்தவர்கள். தினமும் எடை, இரத்த அழுத்தம், இசிஜி, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றோடு, உடல்நிலை எப்படி என்று நோயாளி தரும் மதிப்பெண்ணும் பெர்லின் சாரிடே மருத்துவமனையின் மையத்துக்குப் போகும். அங்கே 24 மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் இருப்பார்கள். எதிர்பாராத இதய அட்மிஷனாலோ மரணத்தாலோ இழந்த நாட்கள் ஆண்டுக்கு 24.2-இலிருந்து 17.8 ஆயின. 100 பேரை ஓராண்டு கவனித்தால் 11.34 ஆக இருந்த இறப்பு 7.86 ஆனது. 97% பேர் ஒழுங்காகத் தரவு அனுப்பினார்கள்.

டெலி-ஹெச்எஃப்-இன் 55% எங்கே, இந்த 97% எங்கே! கருவி தானாக அனுப்பியது ஒரு காரணம். சேர்த்துக்கொண்ட ஆட்களும் காரணம்: தீவிர மனச்சோர்வு உள்ளவர்கள் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டார்கள். முந்தைய டிம்-ஹெச்எஃப் ஆய்வில் அத்தகையவர்களுக்குப் பயன் கிடைக்காததைப் பார்த்து எடுத்த முடிவு அது. எனவே இந்த முடிவை எல்லோருக்கும் அப்படியே நீட்ட முடியாது. இரவு இரண்டு மணிக்கு எடுக்க ஆளில்லாத மையத்தை நிறுவிவிட்டு இதே பலனை எதிர்பார்க்கவும் முடியாது.

நுரையீரல் தமனியில் சென்சார்

சங்கிலியின் முதல் கண்ணியையே பிடிக்கும் வழி இது. தொடையிலுள்ள சிரை (இரத்தக் குழாய்) வழியாகக் குழாய் செலுத்தி, நுரையீரல் தமனியின் கிளையில் பேட்டரி இல்லாத ஒரு சிறு சென்சாரை விட்டுவிடுவார்கள். நோயாளி தினமும் ஆன்டெனா பதித்த தலையணையில் படுத்தால் அழுத்தம் பதிவாகும். தமனியின் டயஸ்டாலிக் (கீழ்) அழுத்தத்தை 8 முதல் 20 மி.மீ. பாதரசத்துக்குள் வைப்பது இலக்கு. ஏறினால் நீர் மாத்திரையைக் கூட்டுவார்கள். மிகவும் இறங்கினால் குறைப்பார்கள். இரத்தம் உறையாமைக்கு ஏற்கெனவே மருந்து எடுக்காதவர்களுக்கு, பொருத்திய பின் ஒரு மாதம் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தர வேண்டும்.

சாம்பியன் ஆய்வில் (2011) 550 பேருக்கும் சென்சார் வைத்தார்கள். பாதிப் பேரின் அளவுகளை மட்டுமே டாக்டர்களுக்குக் காட்டினார்கள். 6 மாதத்தில் இதயச் செயலிழப்பு அட்மிஷன், காட்டாத குழுவில் 120, காட்டிய குழுவில் 83. அழகான வடிவமைப்பு, ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. நிறுவனத்தின் நர்ஸ்கள் சிகிச்சைக் குழுவின் டாக்டர்களுக்கு மட்டும் ஆலோசனை அனுப்பியிருந்தார்கள். பலன் சென்சாருடையதா, அந்த ஆலோசனையுடையதா? இந்தக் கேள்வியால் அமெரிக்க அனுமதி 2014 வரை இழுத்தது. 2021-இன் கைடு-ஹெச்எஃப் (1,000 பேர்) முதன்மை இலக்கில் தெளிவான பலன் காட்டவில்லை. கோவிட் காலம் இடையில் புகுந்து கணக்கைக் குழப்பியது. 2023-இல் நெதர்லாந்தின் 25 மையங்களில் 348 பேரிடம் நடந்த மானிட்டர்-ஹெச்எஃப் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததையும் அட்மிஷன் 44% குறைந்ததையும் காட்டியது. மருந்துகள் சரியாகக் கொடுத்தும் மீண்டும் மீண்டும் வருபவருக்கு இது பொருத்தம். முதல் கட்ட வழியாக இதைப் பரிந்துரைக்க நாங்கள் தயாரில்லை.

மருந்தை வேகமாக ஏற்றுவது

கண்காணிப்பு எல்லாமே அழுத்தமோ நீரோ ஏறத் தொடங்கிய பிறகு பிடிப்பது. ஸ்ட்ராங்-ஹெச்எஃப் (2022) வேறு கேள்வி கேட்டது: நீர் சேராமல் தடுக்கும் மருந்துகளையே முழு அளவில் கொடுத்துவிட்டால்? 14 நாடுகளில், முழு டோஸில் இல்லாத 1,078 பேர். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஏசிஇ தடுப்பான் அல்லது அதன் வகையறா, ஸ்பைரோனோலாக்டோன் வகை என்று மூன்றும், டிஸ்சார்ஜுக்கு முன் இலக்கின் பாதி அளவு. இரண்டு வாரத்தில் முழு அளவு. 1, 2, 3, 6-வது வாரங்களில் நேரில் பரிசோதனை.

கவனமில்லாமல் செய்தால் ஆளைக் கொல்லக்கூடிய வேகம் இது. அதனால் நிறுத்துகோடுகள் தெளிவாக வகுக்கப்பட்டிருந்தன. சிஸ்டாலிக் (மேல்) இரத்த அழுத்தம் 95-க்குக் கீழ், நாடித்துடிப்பு 55-க்குக் கீழ், பொட்டாசியம் 5-க்கு மேல், சிறுநீரக வடிகட்டு வேகம் 30-க்குக் கீழ் போனால் அதற்குரிய மருந்தை ஏற்றக் கூடாது. என்டி-புரோபிஎன்பி (இதயத்தின் சுமையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) டிஸ்சார்ஜ் அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் பீட்டா பிளாக்கரை ஏற்றாமல் நீர் மாத்திரையைக் கூட்டுவது பற்றி யோசிக்க வேண்டும்.

90-ஆம் நாளில் பீட்டா பிளாக்கரின் முழு அளவை எட்டியவர்கள் 49%. வழக்கமான சிகிச்சையில் வெறும் 4%. 180 நாளில் மரணமோ இதயச் செயலிழப்பு அனுமதியோ 23.3 சதவீதத்திலிருந்து 15.2% ஆனது. பன்னிரண்டு பேருக்கு இப்படிச் செய்தால் ஒருவருக்குத் தடுக்கலாம். முடிவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. குறை, யார் எந்தக் குழு என்று எல்லோருக்கும் தெரியும். அட்மிட் செய்வதா வேண்டாமா என்ற முடிவில் அது கலந்திருக்கலாம்.

நம் பக்கத்தில் இந்த வழிக்குத்தான் இடம் அதிகம். திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் (2013, 18 மருத்துவமனைகள், 1,205 பேர்), இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்தவர்களில் பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளோடு வீடு திரும்பியவர்கள் ஏறத்தாழ கால்வாசி. மாத்திரையே முழுதாகக் கிடைக்காத இடத்தில் சென்சார் விவாதம் பிறகு பார்க்கலாம்.

வாசலிலேயே பிரிப்பது

கனடாவின் ஒன்டாரியோவில் 10 மருத்துவமனைகளில் 5,452 பேரிடம் நடந்த கோச் ஆய்வு (2022) அவசர சிகிச்சைப் பிரிவில் தொடங்குகிறது. வயது, இரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன், கிரியாட்டினின், பொட்டாசியம், ட்ரோபோனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் புரதம்), ஆம்புலன்ஸில் வந்தாரா, புற்றுநோய் உண்டா, மெட்டோலசோன் என்ற நீர் மாத்திரை எடுக்கிறாரா, இசிஜியில் எஸ்டி இறக்கம் உண்டா என்பவற்றிலிருந்து ஒரு மதிப்பெண் கணக்கிடப்படும். ஆபத்து குறைந்தவரை அன்றோ மூன்று நாளுக்குள்ளோ அனுப்பி, நர்ஸ் தலைமையிலான சிறப்பு கிளினிக் 30 நாள் வரை பார்த்துக்கொள்ளும். ஆபத்து அதிகமானவரை அட்மிட் செய்யப் பரிந்துரை.

30 நாளில் மரணமோ இதய அட்மிஷனோ 14.5 சதவீதத்திலிருந்து 12.1% ஆனது. முன்கூட்டியே அனுப்பப்பட்டவர்களில், முதல் கிளினிக் வருகைக்கு முன் இறந்தவர்களோ திரும்ப அட்மிட் ஆனவர்களோ ஆறு பேருக்கும் குறைவு. மதிப்பெண் அட்டையை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு கிளினிக்கை விட்டுவிடும் மருத்துவமனைகளுக்கு இந்த எண் பொருந்தாது.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது

டெலி-ஹெச்எஃப்-இல் 180 நாளில் பாதிப் பேருக்கு நடந்தது, ஸ்ட்ராங்-ஹெச்எஃப்-இல் கால்வாசிக்கும் குறைவானவர்களுக்கே நடந்தது. முன்னது எல்லாக் காரண அட்மிஷனையும் எண்ணியது, பின்னது இதயச் செயலிழப்பை மட்டும். டிம்-ஹெச்எஃப்2 நாட்களை எண்ணியது. ஆகவே சதவீதங்களை நேருக்கு நேர் மோத விடக் கூடாது; ஒவ்வொன்றையும் அதன் சொந்தக் கட்டுப்பாட்டுக் குழுவோடு மட்டுமே பார்க்க வேண்டும். "தவிர்த்திருக்கக் கூடிய" அட்மிஷன் எத்தனை என்பதிலும் ஒருமித்த கணக்கு இல்லை. 2011-இல் கனடிய ஆய்வாளர்கள் தொகுத்த ஆய்வுகளில் அது 5 முதல் 79% வரை இருந்தது, நடுமதிப்பு 27%.

ஒரு நர்ஸும் ஒரு ஃபோனும் மட்டுமே உள்ள மருத்துவமனைக்கு எங்கள் வரிசை இது. முதலில், டிஸ்சார்ஜுக்கு முன் மூன்று மருந்துகளையும் தொடங்கி, முதல் வாரத்துக்குள் நேரில் வரும் தேதி, அன்றே பொட்டாசியமும் கிரியாட்டினினும். அடுத்து, நீர் மாத்திரையின் டோஸை எழுதப்பட்ட நெறிமுறைப்படி மாற்ற நர்ஸுக்கு அதிகாரம். எடைக் குறிப்பேடு இவற்றுக்குப் பிறகு. சென்சாரும் தொலைமையமும், இத்தனையும் செய்தும் ஆறு மாதத்தில் இருமுறை வந்தவருக்கு. டிஸ்சார்ஜ் தாளில் மூட்டுவலிக்கான டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் கூடாது என்று தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். உப்பையும் நீரையும் உடலில் தங்கவைத்து ஆளைத் திரும்ப அனுப்பும் காரணங்களில், ஒரு வரியில் தடுக்கக்கூடியது அது.