சிஜே3பி ஜீப்: அடையாளம் பார்த்து, பிரித்துப் பூட்டி, ஓட்டிப் பார்த்தது

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பழைய ஜீப் எது விற்பனைக்கு வந்தாலும், இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஜீப் செய்த அமெரிக்கக் கம்பெனியின் பெயரில், அதற்குப் பெயர் வில்லிஸ்தான். "மிலிட்டரி வண்டி, யுத்தத்துல ஓடினது" என்று சேர்த்துச் சொன்னால் விலை இன்னும் கொஞ்சம் ஏறும். அம்பாசமுத்திரத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் நான் வாங்கிய வண்டியும் அந்த அடைமொழியோடுதான் வந்தது. பாளையங்கோட்டை மெக்கானிக் அண்ணாச்சி ஆர்.சி. புக்கைக் கையில்கூட வாங்கவில்லை. "அதை மடிச்சு உள்ள வையும் வே. பானெட் எவ்வளவு உசரம்னு பாரும்" என்றார்.

அந்த உயரம்தான் சிஜே3பி, அதாவது சாதாரண ஜனங்களுக்கென்று வந்த சிஜே வரிசை ஜீப்பில் ஒரு மாடல். யுத்தகால எம்பி ஜீப்பில் இருந்த கோ டெவில் என்ஜினுக்கு வால்வு எல்லாம் பிளாக்கிலேயே இருக்கும். சிஜே3பியில் வந்த ஹரிகேன் என்ஜினில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டுக்குப் போய்விட்டது. என்ஜின் உயர்ந்ததால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை வந்த மாடல் இது. இங்கே மஹிந்திரா தயாரித்தது.

நிஜமான யுத்தகால வண்டி என்றால், தகட்டு கிரில்லில் 9 துவாரம் இருக்கும். சின்ன ஹெட்லைட் உள்வாங்கி இருக்கும். பின்கதவு கிடையாது, ஸ்டெப்னி பின்னால் தொங்கும். சிஜேயில் துவாரம் 7, ஹெட்லைட் பெரிசு, பின்னால் இறக்கும் கதவு. யுத்த ஜீப்பை ஃபோர்டும் செய்தது; வண்டி வில்லிஸா ஃபோர்டா என்று தெரிய வேண்டுமானால் ரேடியேட்டருக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். சேஸின் முன் குறுக்குக் கம்பி உருண்டைப் பைப்பாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்துப் போட்ட ப வடிவில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு போல்ட் தலையில் 'எஃப்' எழுத்தும் இருக்கும். பாடியை மட்டும் நம்பவே கூடாது. எத்தனை டிங்கரிங் பட்டறை பார்த்த தகடோ, யார் கண்டது?

இந்த அடையாளம் எல்லாம் பெருமைக்கு இல்லை, சாமான் வாங்குவதற்கு. என் வண்டியில் சேஸும் ஆக்சிலும் சிஜே3பி. பெட்ரோல் என்ஜினை யாரோ எப்போதோ கழற்றி, டீசல் ஏற்றியிருந்தார்கள். ஜீப் ஸ்பேர்ஸ் கடைகளில் கேஸ்கட் கேட்டால் "வராது சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிளாக்கைச் சுரண்டிப் பார்த்த அண்ணாச்சி, இது இன்டர்நேஷனல் பி-275 என்றார். அடிப்படையில் டிராக்டர் என்ஜின். மஹிந்திராவே சிஜே 500டி ஜீப்பில் இதைத்தான் வைத்தது. அப்புறம் என்ன, டிராக்டர் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரிஜினல் பெட்ரோலுக்கே மாற்றச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். கண்காட்சிக்கு வைப்பதானால் சரி, எனக்கு ஓட்ட வேண்டும். ஆனால் டீசல் என்று ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

கியர்பாக்ஸ் டி-90, மூன்றே கியர். ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது, வண்டி நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். இதன் பழைய வியாதி ஒன்று உண்டு. கியர்பாக்ஸ் எண்ணெய் சீல் தாண்டி, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போய்விடும். இங்கே லெவல் குறையும், அங்கே நிரம்பி வழியும். ஒழுகுகிற இடத்தில் சீல் மாற்றிப் பிரயோசனமில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள சீலை மாற்றினால்தான் நிற்கும். ஸ்டீயரிங் உதறினால் எல்லோரும் வீல் பேலன்ஸுக்கு ஓடுவார்கள். என் வண்டியில் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங் தேய்ந்திருந்தது. ஷிம் என்ற மெல்லிய தகட்டைக் குறைத்து இறுக்கியதும் உதறல் போய்விட்டது.

ஆக்சில் ரேஷியோ 5.38, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்றுச் சுற்ற வேண்டும். நாலு வழிச்சாலையில் 60க்கு மேல் விரட்டினால் என்ஜின் கத்துகிற கத்தலில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. அதே ரேஷியோதான் மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை மலைப்பாதையில் லோ கியர் போட்டால் பிரேக் தொடாமல் இறக்கிக் கொண்டுவருகிறது. திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் டயரில் காற்றைப் பாதிக்கு இறக்கிவிட்டால் போதும், கிளட்ச்சைக் கருக்க வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் ஓடியது. டீசலுக்கு பிளக் கிடையாது, காற்று இழுக்கும் வாய் நனையாதவரை நிற்காது. அவஸ்தை பின்னால் வந்தது. சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் உள்காற்று சுருங்கி, சீல் வழியாக ஈரத்தை இழுத்துவிட்டது. டிஃபரன்ஷியல் நட்டைக் கழற்றினால் எண்ணெய் மோராக வந்தது. ஆக்சில் மூச்சு விடும் துவாரமான பிரீதரில் ரப்பர் டியூப் மாட்டி மேலே ஏற்றிவிட்டோம்.

நீந்துவதற்கென்றே ஃபோர்டு ஒரு ஜீப் செய்தது. ஜிபிஏ என்று பெயர், 1942-43ல் 12,778 வண்டிகள். விளிம்பு தாழ்வு, அலை அடித்தால் உள்ளே தண்ணீர். பென் கார்லின் என்ற ஆஸ்திரேலியர் வங்காளத்தின் கலாய்குண்டாவில் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, பிற்பாடு அப்படி ஒரு வண்டியிலேயே 1950ல் புறப்பட்டு அட்லாண்டிக்கைத் தாண்டினார். நமக்கு முழங்கால் தண்ணீர் போதும்.

பாக்கி இருப்பது பிரேக்தான். நாலு டிரம்முக்கும் ஒரே லைன்; ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் மொத்தமும் போச்சு. அடுத்த வேலை, லைனை இரண்டாகப் பிரிக்கும் டேண்டம் மாஸ்டர் சிலிண்டர். அதைப் போடாமல் மாஞ்சோலைப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.