ஃபைபர் காரின் அடியில் பழைய அண்டர்கோட்டிங்: சுரண்டலா, ஹீட் கன்னா, ரிமூவரா, சாண்ட் பிளாஸ்டிங்கா?

ஃபைபர் துருப்பிடிக்காது. ஆனாலும் எங்கள் ஓசூர் வீட்டில் நிற்கும் சிபானி டால்ஃபினின் அடியில், வண்டி வேறு கைகளில் இருந்த காலத்தில் யாரோ இரும்புக் காருக்குத் துருவைத் தடுக்க அடிப்பது போலவே தார் அண்டர்கோட்டிங் அடித்து வைத்திருந்தார்கள், அதுவும் கனமாக. டால்ஃபின் 1982 முதல் பக்கத்துப் பெங்களூரில் தயாரான வண்டி. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனை ஒட்டிச் செய்தது. 848 சிசி அலுமினிய இன்ஜின், இரும்பு சேஸி, அதன்மேல் ஃபைபர் உடல். தரையும் ஃபைபர்தான். இத்தனை வருடத் தாருக்கு அடியில் எங்கே விரிசல், எங்கே ஈரம் என்று பார்க்கவே வழியில்லை. அதனால் எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். விரிசல் சந்தேகம் இல்லாமல், கோட்டிங்கும் கெட்டியாக ஒட்டியிருந்தால், அதைத் தொடாமல் விடுவதும் நல்ல முடிவுதான்.

நான் தேர்ந்தெடுத்தது கைச் சுரண்டல். குளிர்ந்த காலையில் சுரண்டி, மிச்சத்தை மினரல் டர்பென்டைனில் துடைப்பது. மற்ற வழிகளோடு ஒப்பிடும்போது இதில் நேரமும் கைவலியும் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் ஃபைபர் உடலில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது: தாரை எடுத்தபின் ரெசின் தோல் மிஞ்சுகிறதா, இல்லையா?

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபைபர் உடல் என்பது கண்ணாடி இழை மேட், அதை நனைத்து இறுகிய பாலியெஸ்டர் ரெசின். அச்சில் படிந்த பக்கம் ஜெல்கோட் என்ற ரெசின் மேல்பூச்சுடன் வழவழப்பாக வரும். மறுபக்கம் மேட்டின் மேடுபள்ளம் அப்படியே தெரியும். என் வண்டியின் அடியில் சொரசொரப்பான பக்கம்தான் இருக்கிறது. இழைக்கு மேலே மெல்லிய ரெசின் படலம், அதன் குழிகளுக்குள் தார். அந்தப் படலம் போனால் இழை வெளியே வந்துவிடும். மழைநீரும் சேறும் இழை வழியாகவே உள்ளே ஏறும். பிறகு அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும். அப்புறம் தேய்த்து, மறுபடி ரெசின் தடவி, உடம்பெல்லாம் அரிக்க வேலை செய்ய வேண்டும். இன்னொன்று, கார்வெட் என்ற ஃபைபர் உடல் கார் வைத்திருக்கும் அமெரிக்கர்கள் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த பேனல்கள் பெரும்பாலும் இரண்டு அச்சுக்கு நடுவே அழுத்திச் செய்தவை, இரு பக்கமும் சமமாக இருக்கும். நம்முடையதில் குழிக்குள் பிளேடு போகாது.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் சாண்ட் பிளாஸ்டிங் உடனே அடிபட்டுப் போகிறது. சிப்காட் பக்கம் எளிதாகக் கிடைக்கும் என்பதால் எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். இளகிய தாரில் பட்ட மணல் எகிறித் திரும்பும். தார் மெலிந்த இடத்தில் ரெசினைத் தின்றுவிட்டு இழையைத் தேங்காய் நார் போல நிறுத்திவிடும். உடலைத் தூக்கிச் சேஸியைத் தனியாக எடுப்பவர்கள் சேஸிக்கு மட்டும் அதைச் செய்யலாம். கிரைண்டரில் கப் பிரஷ் (கிண்ண வடிவக் கம்பி பிரஷ்) போடுவதும் இதே கதைதான், தூசி கூடுதல். பழைய அண்டர்கோட்டிங் சிலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருந்ததுண்டு. அதை உலர்ந்தபடி அரைத்துப் பறக்க விடவே கூடாது.

பெயின்ட் ரிமூவர் பெயின்டின் ரெசினைக் குலைத்துத்தான் வேலை செய்கிறது. அதற்குப் பெயின்ட் எது, பாலியெஸ்டர் எது என்று தெரியாது. மெதிலீன் குளோரைடு கலந்த வகை ஃபைபரையே இளக்கிவிடும். திறந்த இழைக்குள் ஊறிவிட்டால், பிறகு அடிக்கும் பெயின்டைக் கொப்புளமாகக் கிளப்பும்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை நல்ல மெக்கானிக்குகளே சிபாரிசு செய்கிறார்கள், இரும்பில் அது நன்றாகவும் வேலை செய்கிறது. தகடு சூட்டை நாலாபக்கமும் பரப்பிவிடும். ஃபைபர் பரப்பாது, காட்டிய இடத்திலேயே சூடு தேங்கும். ஹீட் கன் காற்று 300 டிகிரிக்கு மேல் போகக்கூடியது, சாதாரண பாலியெஸ்டர் ரெசினோ பல சமயம் 100 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கும். கையில் பழக்கம் உள்ளவர், குறைந்த சூட்டில், தூரத்தில் பிடித்து, நகர்த்திக்கொண்டே இருந்தால் செய்யலாம். சூட்டில் தார் பசையாகிக் குழிகளுக்குள் இன்னும் இறங்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கைச் சுரண்டலுக்கு உண்மையான போட்டி டிரை ஐஸ் பிளாஸ்டிங், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு துகள்களைக் காற்றழுத்தத்தில் அடிப்பது. மைனஸ் 78 டிகிரித் துகள்கள் பட்டதும் தார் நொறுங்கும், துகள் ஆவியாகிவிடும், கழுவ எதுவும் மிஞ்சாது. நான் செய்து பார்த்ததில்லை, பெங்களூரில் ஒரு இரும்புக் காருக்குச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். பிரமாதமாக வந்தது. ஃபைபரில் ஏற்கெனவே பிரிந்திருக்கும் அடுக்கு அந்தக் காற்றழுத்தத்துக்குத் தாங்குமா என்ற பயம் எனக்கு இருக்கிறது. பணம் ஒரு பொருட்டல்ல என்றால், முதலில் ஒரு மூலையில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர்ந்தால் தார் நொறுங்கும் என்ற அதே குணத்தை ஓசூர் நமக்கு இலவசமாகத் தருகிறது. ஊர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத விடியலில் தார் விறைத்துக் கிடக்கும். பிளாஸ்டிக் பட்டி பிளேடைச் சாய்த்து வைத்துத் தட்டினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். வெயில் ஏறியதும் அதே தார் பிளேடில் இழுபடும், அத்தோடு நிறுத்திவிடலாம். தருமபுரிக்காரர்கள் சித்திரையில் இதைத் தொட வேண்டாம். இரும்பு பிளேடும் வேண்டாம். ரெசினில் பட்டதும் கைக்கு ஒரு வழுக்கல் தெரியும், சத்தமும் மாறும். எந்த மெஷினும் அதைச் சொல்லாது.

குழிக்குள் நிற்கும் கறுப்புக்கு மினரல் டர்பென்டைனில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மண்ணெண்ணெயும் வேலை செய்யும், பிசுக்கு அதிகம். இரண்டுமே இறுகிய பாலியெஸ்டரைக் கெடுப்பதில்லை. ஆனால் தீப்பற்றும், ஆகவே அந்தப் பக்கம் ஹீட் கன்னோ வெல்டிங்கோ கூடாது. கறுப்பு போனதும் தேன் நிறத்தில் ரெசினும், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வெட்டிப் போட்ட இழைகளும் தெரிகின்றன. ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் கெட்டியான இடம் 'டக்' என்கிறது, அடுக்கு பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கிறது. என் வண்டியில் ஓட்டுநர் காலடியில் அப்படி ஓர் இடம் கிடைத்தது.

மறுபடி தார் அடிக்க வேண்டாம். பிசுக்கு போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, டூ-பேக் (இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும்) எபாக்சி பிரைமரை வெளிர் நிறத்தில் அடித்தால் அடுத்த விரிசல் கண்ணில் படும். கல் அடிக்கும் சக்கர வளைவுகளுக்கு மட்டும் அதன்மேல் மெல்லிய ரப்பர் கோட்டிங் போதும்.