சிம்கோ ஏரிக்கு எந்த ஃபிஷ் ஃபைண்டர்? நான்கு வகைகளும் ஒரு 16 அடிப் படகும்

பனி உடைந்து ஏரி திறந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, தண்ணீருக்குள் இருக்கும் மீனை ஒலியால் கண்டு திரையில் காட்டும் கருவியைப் பற்றிய இந்தக் கேள்விக்காகத்தான்: "அண்ணா, படகு வாங்கிவிட்டேன். ஃபிஷ் ஃபைண்டர் ஏழு அங்குலம் எடுக்கட்டுமா, ஒன்பது எடுக்கட்டுமா?" எந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். மறுமுனையில் ஒரு சின்ன எரிச்சல் தெரியும். கடையில் எல்லாரும் திரையின் அங்குலத்தில்தான் பேசுகிறார்கள். இவர் என்ன ஏரியைப் பற்றிக் கேட்கிறார் என்ற எரிச்சல்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்கும் சிம்கோ ஒரே ஏரிதான், ஆனால் மீன் பிடிப்பவனுக்கு அது இரண்டு ஏரி. தெற்கே குக்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது, கோடையில் நீர்ச்செடி அடர்ந்து கிடக்கும்; பாஸ், பெர்ச் மீன்கள் அங்கே. மேற்கே பாரி நகரத்தை ஒட்டிய கெம்பென்ஃபெல்ட் விரிகுடாவின் ஆழம் 40 மீட்டரைத் தொடும். லேக் ட்ரவுட்டும் வைட்ஃபிஷும் அங்கே. ஒன்றில் உயிராய் உதவும் கருவி மற்றொன்றில் வெறும் ஆழமானியாகச் சுருங்கிவிடும்.

என்னிடம் இருப்பது 16 அடி அலுமினியப் படகு. பத்து ஆண்டுகளில் நான் சொந்தமாகவும், நண்பர்களின் படகிலும் பழகிய கருவிகளை நான்கு வகையாக வைத்துப் பேசுகிறேன். தண்ணீரில் வீசும் பந்து; மூன்றரை முதல் ஐந்து அங்குலத் திரையுள்ள சிறியது; பக்கவாட்டிலும் பார்க்கிற ஏழு அங்குலம்; முன்னால் நடப்பதை அப்போதே காட்டும் லைவ் சோனார்.

முதலில் திரையில் தெரியும் வளைவு

கருவி என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒப்பிட்டுப் பயனில்லை. படகின் பின்பலகைக்குக் கீழே இருக்கும் டிரான்ஸ்டியூசர் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வாங்குகிறது. தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,450 மீட்டர் போகும். ஆகவே 30 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப ஒரு விநாடியில் 25-இல் ஒரு பங்குதான் ஆகிறது. மீனின் சதையை விட அதன் வயிற்றிலிருக்கும் காற்றுப்பைதான் அந்த ஒலியைப் பலமாகத் திருப்பி அடிக்கிறது. சிம்கோவில் பாஸ் மீன்கள் விரும்பித் தின்னும் கோபி மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. தரையோடு ஒட்டிக் கிடக்கும். அடியில் ஆயிரம் கோபி இருந்தாலும் திரை ஒன்றையும் காட்டாது.

திரையின் வலது ஓரம்தான் 'இப்போது'. மற்றதெல்லாம் கடந்த காலம். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் திரையின் இடது பக்கம் தெரியும் மீனைப் படகின் இடது பக்கம் தேடுவார்கள். நானும் தேடியிருக்கிறேன். படகு நகரும்போது மீன் வளைவாகத் தெரியும். படகு நின்று மீனும் நின்றால் நேர்கோடாகத் தெரியும். வளைவு இல்லையென்றால் மீன் இல்லை என்று அர்த்தமில்லை. அழகழகான மீன் படங்களைத் திரையில் மிதக்கவிடும் வசதியை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள். செடிக் கொத்துக்கும் அது மீன் படம் போடும்.

பந்தும் சிறு பெட்டியும்

வீசும் பந்து வகையில் லிதுவேனியாவின் டீப்பர் நிறுவனம்தான் பெயர் பெற்றது. எலுமிச்சையை விடச் சற்றுப் பெரியது, நூறு கிராம் அளவு எடை. தூண்டில் நரம்பில் கட்டி வீசினால், வைஃபை வழியாகக் கைபேசிக்குப் படத்தை அனுப்பும். கரையில் நிற்பவருக்கும், வாடகைப் படகில் போகிறவருக்கும், கயாக் ஓட்டுபவருக்கும் இதை விட வசதியானது கிடையாது. துளை போட வேண்டாம், கம்பி இழுக்க வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பலாம்.

சொந்தப் படகுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். படகு வேகமெடுத்தால் பந்தை இழுத்துக்கொண்டு போக முடியாது. அலை எழுந்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். உச்சி வெயிலில் கைபேசித் திரை கண்ணாடியாகி உங்கள் முகத்தைக் காட்டும். குளிர்காலப் பனிக்கட்டியின் மேல் கைபேசியின் பேட்டரிதான் முதலில் சாகும்.

அதே செலவில், சில கடைகளில் அதை விடக் குறைவாகவே, கார்மின் ஸ்டிரைக்கர் 4 கிடைக்கும். மூன்றரை அங்குலத் திரை. பார்த்தால் பொம்மை போல இருக்கும். ஆனால் அதனுடன் வரும் டிரான்ஸ்டியூசர் 77, 200 கிலோஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையில் வேலை செய்கிறது. 200-இல், கீழ்நோக்கி விரியும் ஒலிக்கூம்பின் கோணம் 15 பாகை, 77-இல் 45 பாகை. இந்த இரண்டு எண்களில்தான் என் வாதம் முழுவதும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 பாகைக் கூம்பு 40 மீட்டர் ஆழத்தில் பத்தரை மீட்டர் அகலத் தரையைப் பார்க்கும். 45 பாகைக் கூம்பு 33 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். அதே கூம்பைக் குக்ஸ் விரிகுடாவின் மூன்று மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுவந்தால் குறுகியது 80 சென்டிமீட்டரைத்தான் பார்க்கிறது. படகின் அகலம்கூட இல்லை. ஆழத்தில் இந்தச் சிறு பெட்டி ராஜா. செடிகளுக்கு நடுவே அரைக்குருடன்.

போன ஜூனில் மைத்துனருடன் கெம்பென்ஃபெல்டில் இருந்தேன். 31 மீட்டர் ஆழம். இரும்பு இரையைத் தரை வரை இறக்கி இரண்டு மீட்டர் மேலே தூக்கிப் பிடித்ததும் திரையில் அது மெல்லிய நேர்கோடாக ஓடத் தொடங்கியது. சில நிமிடம் கழித்துத் தரையிலிருந்து ஒரு தடித்த கோடு பிரிந்து, சரிந்து ஏறி, இரையின் கோட்டைத் தொட்டு நின்றது. "அசைக்காதீர்கள் அத்தான்" என்று கிசுகிசுத்தார், மீனுக்குக் கேட்டுவிடும் என்பது போல. நான் இரையை வேகமாக மேலே சுற்றினேன். தடித்த கோடும் செங்குத்தாக ஏறியது. 18 மீட்டரில் அடித்தது. பாதி வழியில் படகைச் சுற்றிக் குமிழிகள் எழுந்தன. லேக் ட்ரவுட் மேலே வரும்போது காற்றுப்பையிலிருந்து காற்றை விட்டுக்கொண்டே வரும். இத்தனையும் அந்த மூன்றரை அங்குலத் திரையில் பார்த்தது.

ஸ்டிரைக்கரில் ஜிபிஎஸ் உண்டு, பிடித்த இடத்தைக் குறித்துவைக்கலாம். ஏரியின் வரைபடம் ஏற்ற முடியாது. புதிய ஏரிக்குப் போகிறவருக்கு இது பெரிய குறைதான்.

ஏழு அங்குலம்: மூன்று நிறுவனம்

பெரும்பாலானோர் வந்து நிற்கும் இடம் இது. ஹம்மின்பேர்ட் ஹீலிக்ஸ் 7, லோரன்ஸ் ஹூக் ரிவீல் 7, கார்மின் ஸ்டிரைக்கர் விவிட் 7.

படகின் இரு பக்கத்துத் தரையையும் காட்டும் பக்கவாட்டுப் படத்தை 2005-இல் பொழுதுபோக்குப் படகுகளுக்குக் கொண்டுவந்தது ஹம்மின்பேர்ட். அதில் இன்றும் அதன் கை ஓங்கியே இருக்கிறது என்பது என் கண் சொல்வது. அவர்களின் மெகா வகை 1.2 மெகாஹெர்ட்ஸ் அருகே இயங்குகிறது. படத்தில் மூழ்கிய மரத்தின் கிளைகளை எண்ணலாம். மீன் வெள்ளைப் புள்ளியாகவும், அதன் நிழல் சற்றுத் தள்ளிக் கறுப்பாகவும் விழும். புள்ளிக்கும் நிழலுக்கும் இடையே தூரம் கூடக் கூட, மீன் தரையை விட்டு உயரத்தில் நிற்கிறது என்று பொருள். ஆனால் அலைவரிசை கூடக் கூட எட்டும் தூரம் குறையும். மெகா படத்துக்கு அந்த நிறுவனமே சொல்லும் எல்லை பக்கத்துக்கு 125 அடி. படகும் நேர்கோட்டில், நடைவேகத்தை விடச் சற்றுக் கூடுதலாகப் போக வேண்டும். வளைந்து வளைந்து போனால் படம் பிசைந்த மாவு போல ஆகிவிடும்.

லோரன்ஸின் பலம் அமைப்புகளைத் தானே சரிசெய்துகொள்வது. பொத்தான்களைத் தொடப் பிடிக்காத என் நண்பர் ஒருவர் மூன்று ஆண்டுகளாக அதைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டுகிறார், குறையொன்றும் சொல்லவில்லை. ஆனால் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒரே ஹூக் ரிவீல் 7 என்ற பெயரில் வேறுவேறு டிரான்ஸ்டியூசரோடு பெட்டிகள் விற்கின்றன. டிரிபிள்ஷாட் என்றால் பக்கவாட்டுப் படம் உண்டு. 83/200 என்று எழுதியிருந்தால் பக்கவாட்டுப் படம் இல்லை, அதற்குப் பதில் ஆழத்துக்கான அகலக் கூம்பு இருக்கும். தள்ளுபடியைப் பார்த்து எடுத்து வந்து, வீட்டில் பிரித்த பிறகு தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

விவிட் 7 மூன்றிலும் பயன்படுத்த எளிது, நிறங்கள் வெயிலிலும் நன்றாகத் தெரிகின்றன. இங்கும் ஏரி வரைபடம் ஏற்ற முடியாது. நீங்கள் ஓடிய இடத்தின் ஆழக் கோடுகளை அதுவே வரைந்துகொள்ளும். ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு இரண்டு கோடைக்குள் சொந்த வரைபடம் கிடைத்துவிடும். வாரம் ஒரு ஏரி மாற்றுகிறவர் ஹீலிக்ஸையோ லோரன்ஸையோ பார்க்கட்டும்.

ஒன்டாரியோ ஏரிக்குச் சினூக் சால்மன் தேடிப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டவுன்ரிகர் குண்டை (இரையை ஆழத்தில் நிறுத்தி இழுக்கக் கம்பியில் தொங்கவிடும் கனமான குண்டு) 20 மீட்டரில் இறக்கி இழுக்கும்போது அது நேர்கீழே நிற்காது, சில மீட்டர் பின்னால் போகும். 15 பாகைக் கூம்பு அந்த ஆழத்தில் நடுவிலிருந்து 2.6 மீட்டர்தான் பார்க்கும். குண்டு அதற்கு வெளியே போய்விடும். 45 பாகைக் கூம்புக்கு எட்டு மீட்டர் வரை கண் இருக்கிறது; குண்டும் தெரியும், அதை நோக்கி ஏறும் மீனும் தெரியும். பக்கவாட்டுப் படத்துக்கு அங்கே வேலையே இல்லை.

லைவ் சோனார்

கார்மின் லைவ்ஸ்கோப் 2018-இல் வந்தது. லோரன்ஸும் ஹம்மின்பேர்டும் பின்தொடர்ந்தன. படகின் முன்னால் மீன் திரும்புவதும், இரையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்துப் போவதும் அந்தக் கணமே தெரியும். இலையுதிர் காலத்தில் பத்து மீட்டர் ஆழத்தில் திரியும் பெரிய ஸ்மால்மவுத் பாஸைத் தேட இதற்கு இணை எதுவும் இல்லை. இதை மறுக்க மாட்டேன்.

திரையைச் சேர்க்காமலே ஆயிரத்துக்கு மேல் டாலர் போகும். பெரிய திரை வேண்டும், தனி லித்தியம் பேட்டரி வேண்டும், முன்பக்க மின்மோட்டார் வேண்டும். எல்லாம் கூட்டினால் என் படகின் விலையே வந்துவிடும். அமெரிக்கத் தொழில்முறைப் பந்தயங்களில் இதைக் கட்டுப்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். என் காரணம் அதை விடச் சின்னது: நண்பர் படகில் ஒரு நாள் முழுக்கத் திரையையே பார்த்துவிட்டு வந்தேன், அன்று வானம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. பின்னாளில் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்டிரைக்கர் வரிசையில் லைவ்ஸ்கோப்பை இணைக்க முடியாது.

நான் பணத்தை வீணாக்கிய கதை

என் முதல் கருவி படகு வேகமெடுத்ததும் படத்தை இழந்துவிடும். ஆழம் மின்னிக்கொண்டே நிற்கும். கருவிதான் மட்டம் என்று முடிவுகட்டி, அதை விற்றுவிட்டு இரண்டு மடங்கு விலையில் பெரிய திரை வாங்கினேன். அதே இடத்தில் மாட்டினேன். அதே வெறுமை, இப்போது பெரிய அளவில்.

குற்றம் மாட்டிய இடத்தில். அலுமினியப் படகின் அடியில் வரிசையாக ஆணித் தலைகளும் நீள வரம்புகளும் இருக்கும். அவற்றின் பின்னால் வரும் தண்ணீர் குமிழியாகத்தான் வரும். குமிழி வழியே ஒலி போகாது. இரண்டு வரம்புகளுக்கு நடுவே, எஞ்சின் விசிறியின் இதழ் கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில், அடிப்பலகைக்குச் சுமார் பத்து மில்லிமீட்டர் கீழே இறக்கி மாட்டினேன். முழு வேகத்திலும் தரை கோடு போட்டது போல வந்தது. பழைய கருவிக்கு இதைச் செய்திருந்தால் அது இன்றும் என் படகில் இருந்திருக்கும்.

பேட்டரியைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. நான்கு அங்குலக் கருவிக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு நாளைத் தாராளமாகத் தாங்கும். ஏழு அங்குலத்துக்கு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பேட்டரியில் இணைத்தால் திரையில் இரைச்சல் கோடுகள் வரலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து சித்தப்பா மகன் இதே கேள்வியைக் கேட்டபோது வேறு பதில் சொன்னேன். உப்புத் தண்ணீர் உயர் அலைவரிசையை விழுங்கிவிடும். கடலுக்கு 50 கிலோஹெர்ட்ஸும் கூடுதல் வலுவும் வேண்டும். 1948-இல் மீன் காட்டும் கருவியை முதன்முதலில் வணிகத்துக்குக் கொண்டுவந்த ஜப்பானின் ஃபுருனோவிடம் 50/200 கிலோஹெர்ட்ஸ், 600 வாட் கருவி, அதுவும் ஆறு அங்குலத்துக்கும் குறைந்த திரையில் இருக்கிறது. குருநகரில் சித்தப்பா கயிற்றில் குண்டு கட்டி இறக்கி, எத்தனை பாகம் (விரித்த இரு கைகளின் நீளம்) என்று கையால் அளந்து, குண்டின் அடியில் ஒட்டி வந்த சேற்றை விரலில் தேய்த்துப் பார்ப்பார். அந்தக் கருவியும் தரை சேறா மணலா என்றுதான் சொல்கிறது.

சிம்கோவுக்கு, இரண்டு விரிகுடாவிலும் திரிகிற ஒருவருக்கு, நான் சொல்வது: பக்கவாட்டுப் படமுள்ள ஹீலிக்ஸ் 7, கூடவே ஏரி வரைபட அட்டை. கெம்பென்ஃபெல்டை விட்டு நகராதவருக்கு ஸ்டிரைக்கர் 4 போதும். குளிர்காலத்தில் கழற்றிப் பனிக்கட்டி மேலும் கொண்டுபோகலாம். நான் இன்னும் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

மாட்டும்போது படகில் நேரடியாகத் துளை போடாதீர்கள். தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றைப் பின்பலகையில் ஒரே முறை நிலையாகப் பொருத்தி, டிரான்ஸ்டியூசரை அதில் திருகினால் எத்தனை முறை வேண்டுமானாலும் இடம் மாற்றலாம். என்னுடையது வீட்டுச் சமையலறையில் மீன் வெட்டும் பலகையாக இருந்தது. புதிது வாங்கித் தருகிறேன் என்று வீட்டில் சொல்லி ஐந்து ஆண்டு ஆகிறது.