சுருக்கும் கஷாயமும் ஷ்ரிங்க் ஷீட்டும்

எதையும் குட்டியாக்கும் மந்திரக் கஷாயம் காய்ச்சியே ஆக வேண்டும் என்று என் ஏழு வயது மகள் விடுமுறை முழுக்க ஒரே பிடிவாதம். அதற்காகத்தான் ஆன்லைனில் இந்த ஷ்ரிங்க் ஷீட் பாக்கெட்டை வாங்கினேன்; படம் வரைந்து, வெட்டி, அடுப்பில் வைத்தால் குட்டியாகிவிடும் பிளாஸ்டிக் தாள் இது. ஏ4 அளவில் பத்துத் தாள்கள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கொஞ்சம் சொரசொரப்பு. வாங்குவதானால் இந்த வகையையே வாங்குங்கள். முழுக்கத் தெளிவான தாளில் கலர் பென்சில் பிடிக்காது, முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும்.

முதலில் கஷாயம். கொல்லைச் சங்குப்பூ பன்னிரண்டைப் பறித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டோம். கருநீலமாக இறங்கியது. எலுமிச்சை பிழிந்ததும் கண்ணெதிரே ஊதாவாக மாறியது. வரைந்து வெட்டி வைத்திருந்த யானையின் மேல் மகள் மூன்று சொட்டு விட்டாள். ஈரம் போகத் துடைத்து, பட்டர் பேப்பரில் வைத்து, 160 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகியிருந்த ஓடிஜி மின் அடுப்புக்குள் தள்ளினேன்.

அடுத்த ஒன்றரை நிமிடம் இருக்கிறதே, அதற்காகவே இந்த விலை கொடுக்கலாம். யானை முதலில் நெளியும், அப்புறம் அப்பளம் போலச் சுருண்டுகொள்ளும். எல்லாம் பாழாகிவிட்டது என்று தோன்றும். கை வைக்காதீர்கள். குட்டியாகிக்கொண்டே தானாக விரிந்து படுத்துவிடும். படுத்ததும் வெளியே எடுத்து, ஆறுவதற்குள் பட்டர் பேப்பர் மூடி ஒரு கனமான புத்தகத்தால் அழுத்தினால் தட்டையாக நிற்கும். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மகள் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது நாள் அவளாகவே ஒரு மீனைக் கஷாயம் விடாமல் வைக்கச் சொன்னாள். அதுவும் சுருங்கியது. "அம்மா, சூடுதான் செய்யுது" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் சொன்னது சரி. இது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். தயாரிக்கும்போது சூடாக இழுத்து நீட்டி, அப்படியே குளிரவைத்துவிடுகிறார்கள். நீண்டபடி சிறைப்பட்ட மூலக்கூறுச் சங்கிலிகள் மறுபடி சூடு பட்டதும் பழையபடி சுருள்கின்றன. பொருள் எங்கும் போகவில்லை, அகலத்தில் குறைந்தது தடிமனில் ஏறுகிறது. 10 செ.மீ. கோடு 4.3 செ.மீ. ஆனது, தாள் பொத்தான் போல் கெட்டியானது. 1973இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெட்டி மோரிஸ், கேட் ப்ளூம்பெர்க் என்ற இரண்டு இல்லத்தரசிகள் இதைக் குழந்தைகளுக்கான பொருளாக்கினார்கள். பின்னர் கலிஃபோர்னியாவில் மிஷெல் கைன் என்ற விஞ்ஞானி, இதே தாளில் கோடுகளை அச்சடித்துச் சுருக்கி, ஆய்வுக்கூடத்துக்கான நுண்குழாய்ச் சில்லுகளை, அதாவது துளித் திரவம் ஓடும் மெல்லிய குழாய்கள் கொண்ட சிறு தகடுகளைச் செய்தார். அதைச் சொன்னதிலிருந்து மகளுக்குத் தன் வேலையின் மேல் தனி மரியாதை.

குறைகள் உண்டு. என் பாக்கெட்டில் இரண்டு தாள்கள் ஒரு பக்கமாக அதிகம் சுருங்கி, வட்டமெல்லாம் முட்டையானது. விற்றவரிடம் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. துளையைச் சுடுவதற்கு முன்பே போட வேண்டும் என்று செய்முறைத் தாளில் இல்லை; சாதாரண பஞ்சிங் மெஷின் துளை சாவி வளையம் நுழையும் அளவுக்குத்தான் மிஞ்சுகிறது. வண்ணம் சுருங்கும்போது அடர்த்தியாகும், அதனால் லேசாகத் தீட்டுங்கள். மெழுகுக் கிரேயான் வேண்டாம், உருகிவிடும். வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நான் சமையலுக்கு எடுக்காத பழைய ஓடிஜியைத்தான் பயன்படுத்தினேன். அடுப்பருகே பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது பாக்கெட்டை வேறு கடையில் சொல்லியிருக்கிறேன். அடுத்துச் சுருங்கப்போவது பாட்டியின் படம். சூடுதான் செய்கிறது என்று தெரிந்த பிறகும் மூன்று சொட்டுக் கஷாயத்தை அவள் விடவில்லை. புதுச் சங்குப்பூ பறித்து வைத்திருக்கிறாள்.