பத்தாயிரத்துக்கு எதை அடகு வைப்பது: நகையா, போனையா?

2021இல் சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது பத்தாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. நகையோடு வங்கிப் படியேறக் கூச்சப்பட்டு, போனில் ஒரு கடன் செயலியை இறக்கினேன். போன மாதம் மறுபடி அதே நெருக்கடி. இந்த முறை மனைவியின் ஒன்றரைப் பவுன் சங்கிலியோடு வங்கிக்கே போய்விட்டேன். வீட்டில் குந்துமணித் தங்கம் இருந்தாலும் செயலி பக்கம் போகாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

வேகத்தில் செயலிதான் ஜெயிக்கும், பத்து நிமிடத்தில் பணம். வங்கியில் மதிப்பீட்டாளர் வந்து உரசிப் பார்த்து முடிக்க அரை நாள் ஆனது.

வட்டியைப் பாருங்கள். செயலியில் பத்தாயிரம் கேட்டதற்குக் கையில் வந்தது 6,800. மீதி ஏதோ பிராசசிங் கட்டணமாம். ஏழாம் நாள் முழுப் பத்தாயிரத்தையும் கட்ட வேண்டும். வாரத்துக்கே 47 சதவீதம்! கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பத்து வட்டிக்காரர்கூட மாதத்துக்குத்தான் பத்து கேட்பார். வங்கியில் எனக்கு 75 பைசா வட்டி, அதாவது பத்தாயிரத்துக்கு மாதம் 75 ரூபாய்.

வட்டியைக்கூட எப்படியோ விழுங்கிவிடலாம். தவணை தவறினால் என்ன ஆகும்? எட்டாம் நாள் காலையிலேயே என் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைப்பு போனது: மாமனார், மேலாளர், பால்காரர். செயலியை நிறுவும்போது ‘அனுமதி’ என்று தட்டினேனே, அன்று அடகு வைத்தது அந்தப் பட்டியலைத்தான். நகைக்கடனில் தவறினால் வட்டி ஏறும், நோட்டீஸ் வரும், கடைசியில் ஏலம். ஏலத்திலும் கடன் போக மிஞ்சுவது நம்முடையது. வலிக்கத்தான் செய்யும், ஆனால் பால்காரருக்குத் தெரியாது.

சரி, 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகள் கொண்டுவந்தது. செயலி நம் தொடர்பு எண்களைத் தொடக்கூடாது, கட்டணமெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று முன்பே காட்ட வேண்டும். பதிவு பெற்ற நிறுவனத்தின் ஒழுங்கான செயலியில் நான் கடன் வாங்கியதில்லை. என் கசப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கலாம்.

நகையே இல்லாதவர்கள் சம்பள அட்வான்ஸ் கேட்டுப் பார்க்கலாம். மகளிர் குழுக் கடனும் உண்டு. அது என் அத்தைக்குத்தான் பழக்கம், எனக்கில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: ஒரு செயலியை அடைக்க இன்னொன்றை இறக்காதீர்கள். நான் அப்படித்தான் மூன்று வைத்திருந்தேன். மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448.

அப்புறம், தெரிந்தவர்களிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். நான் தயங்கித் தயங்கி மேலாளரிடம் போய் நின்றபோது அவர் சொன்னார்: “எனக்குப் போன மாசமே இப்படி ஒரு கால் வந்துச்சுப்பா, நம்ம ஆபீஸ்ல இன்னொருத்தருக்காக.”